வண்டியில் உறங்க நேர்ந்தால்: எஞ்சினை அணைத்துவிட்டு, காலை நீட்டிப் படுங்கள்

விடியற்காலை 5 மணிக்கு எமது மருத்துவமனையின் வாகன நிறுத்துமிடத்தைக் கடக்கும்போதெல்லாம் ஒரே காட்சியை நாங்கள் காண்கிறோம். வெளியூர் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. கண்ணாடிகளில் மூச்சின் ஈரம் படிந்திருக்கிறது. இரவெல்லாம் பயணம் செய்து வந்து, புறநோயாளிச் சீட்டு வழங்கும் நேரம் வரை வண்டியிலேயே உறங்கும் குடும்பங்கள் அவை. சில மணி நேரத்துக்காக விடுதி அறை எடுக்க மனம் வருவதில்லை. பலருக்கு அதற்கு வசதியும் இருப்பதில்லை. அவர்களைக் குறை கூறுவது எங்கள் நோக்கமன்று. வண்டியில் உறங்கத்தான் வேண்டுமெனில், எவ்வாறு உறங்கினால் நோயாளிக்கும் உடன் வருவோருக்கும் தீங்கு நேராது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு மழைக்காலக் காலை

சில ஆண்டுகளுக்கு முன், கீமோதெரபி சிகிச்சைக்காக ஓர் அம்மையாரை அவருடைய குடும்பத்தினர் அழைத்து வந்தனர். மழை பெய்ததால் கண்ணாடிகளை முழுவதும் ஏற்றிவிட்டு, எஞ்சினையும் ஏசியையும் ஓடவிட்டு, நால்வரும் வண்டிக்குள் மூன்று மணி நேரம் உறங்கியிருந்தனர். காலையில் அம்மையாருக்குத் தலைவலியும் குமட்டலும் இருந்தன. சிகிச்சையின் பக்கவிளைவு என்றே அனைவரும் எண்ணினர். விரலில் மாட்டிப் பார்த்த பல்ஸ் ஆக்சிமீட்டரும் 98 என்று காட்டியது. பணியிலிருந்த செவிலியர் ஒருவர் மட்டும், "உங்களுக்கும் தலை வலிக்கிறதா?" என்று மகனைக் கேட்டார். மகனுக்கும் வலித்தது, மருமகளுக்கும் வலித்தது, பேரனோ எழுப்பியும் சரியாக எழவில்லை.

அந்த ஒரு கேள்வியே நால்வரையும் காத்தது. இரத்தப் பரிசோதனையில் கார்பன் மோனாக்சைடு நஞ்சு உறுதியாயிற்று. வண்டியின் சைலன்சர் குழாயில் விரிசல் இருந்ததும், பின்கதவின் ரப்பர் கிழிந்திருந்ததும் பின்னர் தெரியவந்தன.

மணமற்ற நஞ்சு

பெட்ரோலோ டீசலோ முழுமையாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் இவ்வாயுவைப் பிடித்துக்கொள்கிறது. விழித்திருப்பவருக்குத் தலைவலியும் மயக்கமும் எச்சரிக்கை தரக்கூடும். உறங்குபவருக்கு அந்த எச்சரிக்கையும் கிடைப்பதில்லை. உறக்கம் அப்படியே மயக்கமாக ஆழ்ந்துவிடுகிறது. சாதாரண ஆக்சிமீட்டரால் ஆக்சிஜன் ஏறிய இரத்தத்தையும் இந்நஞ்சு ஏறிய இரத்தத்தையும் பிரித்தறிய இயலாது. ஆகவே அது காட்டும் நல்ல எண்ணை நம்பி இருந்துவிடக் கூடாது.

2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த கேரவன் வண்டிக்குள் இருவர் இறந்து கிடந்த செய்தி பலருக்கு நினைவிருக்கும். ஜெனரேட்டரிலிருந்து வந்த இதே வாயுவே அங்கும் காரணமாயிற்று.

எனவே எங்கள் முதல் வேண்டுகோள் இது: நிறுத்திய வண்டியில் எஞ்சினை ஓடவிட்டு உறங்காதீர்கள். கண்ணாடியைச் சிறிது இறக்கியிருந்தாலும் அது போதிய காப்பாகாது. பின்னாலிருந்து வீசும் காற்று புகையை அவ்வழியே உள்ளே கொண்டுவரும். சுவரை ஒட்டியும், தரைக்கீழ் நிறுத்துமிடத்திலும், ஜெனரேட்டருக்கு அருகிலும் ஆபத்து இன்னும் மிகுதி. கொசுவர்த்திச் சுருளையோ அடுப்பையோ வண்டிக்குள் ஏற்றாதீர்கள்.

ஒரே வண்டியில் உறங்கிய பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் தோன்றினால், உடனே அனைவரும் திறந்த வெளிக்கு வந்து 108 எண்ணை அழையுங்கள். வெறும் காற்றைச் சுவாசித்தால் இரத்தத்திலுள்ள நஞ்சு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியே செறிந்த ஆக்சிஜன் அளித்தால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்திலேயே அது பாதியாகிவிடும்.

உட்கார்ந்தபடி உறங்குவதன் இடர்

1940ஆம் ஆண்டு, இலண்டன் மாநகர மக்கள் விமானக் குண்டுவீச்சுக்கு அஞ்சி இரவுகளைப் பதுங்கிடங்களில் கழித்தனர். பலர் துணி நாற்காலிகளில் உட்கார்ந்தபடியே உறங்கினர். அவ்வாறு உறங்கியவர்களுள் சிலர் நுரையீரல் இரத்தக்குழாய் அடைபட்டு இறந்ததை, தடயவியல் மருத்துவர் கீத் சிம்ப்சன் அவ்வாண்டே பதிவு செய்தார். நாற்காலியின் விளிம்பு காலை அழுத்தியதால் இரத்தம் தேங்கி உறைந்து, அந்த உறைகட்டி நுரையீரலைச் சென்றடைந்திருந்தது.

வண்டியின் இருக்கையில் காலைத் தொங்கவிட்டபடி பல மணி நேரம் உறங்குபவருக்கும் இதே நிலை நேரக்கூடும். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் அமர்ந்து பயணம் செய்தால் இரத்த உறைவின் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் அறிவித்தது. நலமுள்ளவருக்கு அப்போதும் அது சிறிய இடரே. ஆனால் புற்றுநோயாளர், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், கருவுற்ற பெண்கள், முன்பு இரத்த உறைவு கண்டவர் ஆகியோருக்கு அது சிறியதன்று.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி ஐந்து நிமிடம் நடங்கள். அமர்ந்திருக்கும்போது கணுக்காலை மேலும் கீழும் அசையுங்கள். வழியில் கழிவறை கிடைக்காது என்று அஞ்சிப் பெண்கள் பலர் தண்ணீர் அருந்துவதையே தவிர்க்கின்றனர். அது இரத்த உறைவுக்குத் துணை செய்யும். நீரின் அளவைக் கட்டுப்படுத்துமாறு மருத்துவர் கூறியுள்ள சிறுநீரக, இதய நோயாளர்கள் மட்டும் அந்த அளவையே பின்பற்ற வேண்டும்.

பயணத்துக்குப் பின் சில வாரங்கள் வரையிலும் ஒரு காலில் மட்டும் வீக்கமோ வலியோ தோன்றினாலும், திடீரென மூச்சுத் திணறினாலும், காத்திராமல் மருத்துவமனைக்கு வாருங்கள்.

படுக்கை அமைக்கும் முறை

எஸ்யுவி போன்ற பெரிய வண்டிகளில் பின்னிருக்கைகளை மடக்கினால், கால் நீட்டிப் படுக்க இடம் கிடைக்கும். மடக்கிய இருக்கைகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தைத் துணிப்பையாலோ மடித்த போர்வையாலோ முதலில் நிரப்புங்கள். அதன்மேல் கனமான பஞ்சு மெத்தையை விரியுங்கள். சமதளமான இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். சரிவு தவிர்க்க முடியாதெனில், தலைப்பக்கம் உயர்ந்திருக்கட்டும். எதிரெதிர்ப் பக்கங்களிலுள்ள இரண்டு கண்ணாடிகளை இரு விரல் அளவு இறக்கி, இடைவெளியில் கொசுவலைத் துணியைப் பொருத்துங்கள். நெடுஞ்சாலையின் ஓரத்தில் நிறுத்தாமல், சுங்கச்சாவடி வளாகம், வெளிச்சமுள்ள பெட்ரோல் பங்க் போன்ற இடங்களைத் தேர்ந்தெடுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவி வேண்டுமெனில் 1033 எண்ணை அழைக்கலாம்.

இப்படுக்கை வண்டி நிற்கும்போது மட்டுமே பயன்பட வேண்டும். ஓடும் வண்டியில் படுத்திருப்பவரை எந்தப் பட்டையும் காக்காது. இருக்கையை முழுவதும் சாய்த்துக்கொண்டாலும், விபத்தின்போது உடல் பட்டையின் அடியில் நழுவிவிடும்.

பகலில் மூடிய வண்டிக்குள் யாரையும் உறங்கவிடாதீர்கள். வெயிலில் நிற்கும் வண்டியின் உள்வெப்பம் பத்தே நிமிடத்தில் ஏறத்தாழ 10 டிகிரி உயர்ந்துவிடும். குழந்தைகளாலும் முதியோராலும் அதைத் தாங்க இயலாது. இன்சுலினையும் அங்கே விட்டுச் செல்லாதீர்கள்.

எல்லோரும் மல்லாந்து படுக்கலாகாது

இதயச் செயலிழப்பு உள்ளவரும் மூச்சடைப்பு நோயுள்ளவரும் மட்டமாகப் படுத்தால் மூச்சுத் திணறல் கூடும். முதுகுக்குப் பின் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்த நிலையில் அவர்களை உறங்கச் செய்து, காலை மட்டும் நீட்டி வையுங்கள். கருவுற்ற பெண்களும் நெஞ்செரிச்சல் உள்ளவரும் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பது நல்லது. சர்க்கரை நோயாளர் கைக்கெட்டும் தூரத்தில் சர்க்கரையோ இனிப்போ வைத்திருக்க வேண்டும்.

வண்டி ஓட்டுபவரின் உறக்கம்

நோயாளியின் உறக்கத்தைப் பற்றிக் கேட்கும் குடும்பங்கள், ஓட்டுபவரின் உறக்கத்தைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனம், 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவரின் கவனத்துக்கு நிகராகக் குறைகிறது. நம் நாட்டுச் சட்டம் ஓட்டுநருக்கு வகுத்துள்ள எல்லையோ 30 மில்லிகிராம்தான். பின்னிரவு 2 முதல் 6 மணி வரை உடல் இயல்பாகவே உறக்கத்தை நாடும். அந்நேரத்தில் கண் சொருகினால் தேநீரும் பாட்டும் சிறிது நேரமே உதவும். வண்டியை நிறுத்தி உறங்குவதொன்றே தீர்வு. இருபது நிமிட உறக்கமும் பயன் தரும். எழுந்தவுடன் ஓட்டாமல், தெளிவு வரும்வரை கால் மணி நேரம் காத்திருங்கள்.

தாமதமாக வந்து சேர்ந்தால் மருத்துவரைக் காணும் வாய்ப்புப் போய்விடுமோ என்ற அச்சத்தினாலேயே பலர் இரவெல்லாம் ஓட்டுகின்றனர் என்பதை நாங்கள் அறிவோம். தொலைவிலிருந்து வருவோர் முன்பதிவு செய்யும்போதே ஊரின் பெயரைத் தெரிவித்து, பிற்பகல் நேரம் வேண்டுமெனக் கேளுங்கள். இரவை வீட்டிலேயே உறங்கிக் கழித்துவிட்டு, விடிந்தபின் புறப்பட்டு வாருங்கள்.