ஒரு மோட்டார் வண்டியின் தலைமுறைகள்

நான்கு பேர் வசதியாக அமர்ந்து செல்லவும், பின்பெட்டியில் அவர்களுடைய பொதிகளை வைக்கவும் ஏற்ற மோட்டார் வண்டி குடும்பத்துக்கு உரியது. வளைவுகளில் விரைந்து திரும்பவும், சாரதியின் கைக்கும் காலுக்கும் உடனே கீழ்ப்படியவும் வல்ல வண்டி பந்தயத்துக்கு உரியது. இவ்விரண்டும் நெடுங்காலம் வெவ்வேறு இனங்களாகவே இருந்தன. குடும்ப வண்டி உறுதியாக இருந்தது. ஆனால் மந்தமாக ஓடிற்று. பந்தய வண்டி விரைவாக ஓடிற்று. ஆனால் அதில் குழந்தைகளுக்கு இடமில்லை. இவ்விரு இனங்களையும் ஒன்றாக்கி, நடுத்தர வருவாயுள்ளோரும் எட்டக்கூடிய விலையில் தருவது எளிதான செயலன்று. அதனைச் செய்து காட்டிய வண்டிகளுள் முதன்மையானது, ஜேர்மனியின் மியூனிக் நகரிலுள்ள பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலையிலிருந்து 1961ஆம் ஆண்டு தொடங்கி வழிவழியாக வந்த வண்டியாகும். அதன் வரலாறு ஒரு பொறியின் வரலாறு மட்டுமன்று. அழிவின் விளிம்பில் நின்ற ஒரு நிறுவனம் பிழைத்த வரலாறுமாகும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்நிறுவனம் ஒரு விந்தையான நிலையில் இருந்தது. ஒருபுறம், எட்டு உருளைகள் கொண்ட இயந்திரம் பூட்டிய பெரிய வண்டிகளைச் செல்வர்களுக்காகச் செய்தது. மறுபுறம், இத்தாலிய நிறுவனமொன்றிடம் உரிமம் பெற்று, முன்பக்கமே கதவாகத் திறக்கும் 'இசெற்றா' என்னும் முட்டை வடிவச் சிறு வண்டியை 1955ஆம் ஆண்டு முதல் செய்து வந்தது. பெரியதை வாங்குவோர் சிலர். சிறியதை வாங்கியோரோ கையில் பணம் சேரச் சேர அதனைக் கைவிட்டு வேறு நிறுவனங்களின் நடுத்தர வண்டிகளை நாடினர். இவ்விரண்டுக்கும் இடையே கொடுப்பதற்கு இந்நிறுவனத்திடம் உரிய வண்டி இல்லை. இடைவெளி ஆண்டுதோறும் நட்டமாக மாறிற்று.

1959ஆம் ஆண்டு டிசெம்பர் 9ஆம் நாள் மியூனிக்கில் பங்குதாரர்களின் பொதுக்கூட்டம் நடந்தது. நிறுவனத்தை அதன் பெரும் போட்டியாளரான டெய்ம்லர்-பென்ஸ் நிறுவனத்தின் கையில் ஒப்படைக்க வழிசெய்யும் திட்டம் அங்கே முன்வைக்கப்பட்டது. சிறு பங்குதாரர்களும் வண்டி விற்பனையாளர்களும் அதனை எதிர்த்தனர். அவர்கள் சார்பில் எழுந்த பிரீட்ரிக் மாத்தேர்ன் என்னும் வழக்கறிஞர் ஐந்தொகையில் ஒரு குறையைச் சுட்டிக்காட்டினார். '700' என்ற புதிய சிறு வண்டியை உருவாக்குவதற்கான செலவு முழுவதும் ஒரே ஆண்டின் கணக்கில் ஏற்றப்பட்டிருந்தது. அதனால் நட்டம் உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றியது. பத்து வீத வாக்குகள் சேர்ந்தால் கூட்டத்தை ஒத்திவைக்கலாம் என்ற விதி அவர்களுக்குக் கைகொடுத்தது. கூட்டம் ஒத்திவைக்கப்பட, திட்டமும் கைவிடப்பட்டது. பின்னர் ஹேர்பேர்ட் குவாண்ட் என்னும் தொழிலதிபர் தம் பங்குகளைப் பெருக்கி, நிறுவனத்தைத் தனித்து நடத்தும் பொறுப்பை ஏற்றார். ஒரு நாள் கூட்டத்தில் தப்பிய உயிரை நிலைநிறுத்த ஒரு நல்ல வண்டி வேண்டியிருந்தது.

அவ்வண்டி 1961ஆம் ஆண்டு செப்டெம்பரில் பிராங்போர்ட் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அதன் பெயர் '1500'. நிறுவனம் அதற்குப் 'புதிய வகுப்பு' என்று பெயரிட்டது. நான்கு கதவுகள், நான்கு உருளைகள், 1,499 கன சென்ரிமீற்றர் கொள்ளளவு, 80 குதிரைவலு என்பன அதன் அளவுகள். முன்சில்லுகளுக்குத் தட்டு வடிவப் பிரேக்குகள் இருந்தன. நான்கு சில்லுகளும் ஒன்றையொன்று சாராது தனித்தனியே ஏறி இறங்கின. அக்காலத்துக் குடும்ப வண்டிகள் பலவற்றில் பின்சில்லுகள் இரண்டும் ஒரே இரும்பு அச்சினால் இறுகப் பிணைக்கப்பட்டிருந்தன. ஒரு சில்லு பள்ளத்தில் விழுந்தால் மற்றதும் சாயும். வண்டி வளைவில் தன் பிடியை இழக்கும். தனித்தனியே இயங்கும் சில்லுகளோ பாதை எவ்வாறிருப்பினும் தரையைப் பற்றி நிற்கும். பந்தய வண்டியின் குணம் குடும்ப வண்டிக்குள் புகுந்தது இவ்வழியாகவே.

அதன் இயந்திரத்தை அமைத்தவர் அலெக்ஸ் பொன் பால்க்கென்ஹவுசன். இவர் தாமே பந்தயங்களில் வண்டியோட்டியவர். 1,300 கன சென்ரிமீற்றர் போதும் என்று மேலிடம் கருதியது. அவரோ 1,500க்குக் குறையலாகாது என்றும், பின்னொரு நாளில் 2,000 வரை பெருக்க இடம் வைத்தே வார்ப்பு அமைய வேண்டும் என்றும் வாதிட்டு வென்றார். இன்றைய தேவைக்கு மட்டும் அளவெடுக்காமல் நாளைய வளர்ச்சிக்கும் இடம் விட்ட இம்முடிவே இவ்வண்டி மரபின் வித்து எனலாம். 1963இல் அவ்வியந்திரம் 1,800 ஆயிற்று. 1965இல் 2,000 ஆயிற்று. 1980களில் அதே வார்ப்பை அடிப்படையாகக் கொண்டு அமைந்த பந்தய இயந்திரம், 1983ஆம் ஆண்டு நெல்சன் பிக்கே 'போர்முலா வன்' உலகப் பட்டத்தை வெல்லத் துணைநின்றது. குடும்ப வண்டிக்காக வார்க்கப்பட்ட இரும்பு உலகப் பந்தயத்தின் உச்சியைத் தொட்டது.

தொடக்கத்தில் குறைகள் இல்லாமலில்லை. கியர்ப் பெட்டியிலும் பின்சில்லுகளைத் தாங்கும் பகுதியிலும் பழுதுகள் தோன்றின. அவை படிப்படியாகத் திருத்தப்பட்டன. ஆயினும் வண்டி விலைபோயிற்று. 1963ஆம் ஆண்டுக்கு நிறுவனம் மீண்டும் இலாபப் பங்கு வழங்கியது.

இதன்பின் மரபு இரு கிளைகளாகப் பிரிந்தது. 1966ஆம் ஆண்டு, அதே அமைப்பைச் சற்றுக் குறுக்கி, இரண்டு கதவுகளுடன் மலிவான வண்டியொன்று வெளிவந்தது. அதில் 2,000 கன சென்ரிமீற்றர் இயந்திரத்தைப் பொருத்தும் எண்ணம் ஒருவருக்கு மட்டும் தோன்றவில்லை. பால்க்கென்ஹவுசனும், திட்டப் பிரிவைச் சேர்ந்த ஹெல்முட் பென்ஷும், ஒருவர் செய்வதை மற்றவர் அறியாமலே, தத்தம் சொந்த வண்டியில் அப்பெரிய இயந்திரத்தைப் பூட்டுவித்திருந்தனர். அமெரிக்காவில் இவ்வண்டிகளை இறக்குமதி செய்த மக்ஸ் ஹொப்மனும் வலிமிக்க வண்டியொன்றை வேண்டி நின்றார். மூவர் விருப்பமும் கூடி 1968இல் '2002' என்னும் வண்டியாயிற்று. ஏறக்குறைய ஒரு தொன் எடை. அதனை இழுக்க 100 குதிரைவலு. அளவில் சிறியதும் விலையில் அடக்கமானதுமான இவ்வண்டி, தன்னிலும் விலைகூடிய பந்தய வண்டிகளுக்கு நெடுஞ்சாலையில் ஈடுகொடுத்தது.

1973ஆம் ஆண்டு இதே வண்டிக்கு 'டர்போ' என்னும் கருவி பூட்டப்பட்டது. வீணே வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சிறு விசிறியைச் சுழற்றி, அதன் துணையால் காற்றை நெருக்கி உருளைகளுக்குள் செலுத்துவதே இக்கருவியின் வேலை. காற்று மிகுந்தால் கூடுதலான பெற்றோலை எரிக்கலாம், வலுவும் கூடும். இவ்வாறு 170 குதிரைவலு கிடைத்தது. ஆனால் அதே ஆண்டு எண்ணெய் நெருக்கடி உலகை உலுக்கியது. பெற்றோலுக்கு மக்கள் வரிசையில் நின்ற வேளையில் வேகத்தைக் கொண்டாடும் வண்டியை எவரும் விரும்பவில்லை. 1,672 வண்டிகளோடு அதன் உற்பத்தி நின்றது. காலம் கனியாத கருவி ஒதுங்கி நின்று காத்திருந்தது.

நான்கு கதவுக் கிளை 1972இல் 'ஐந்தாம் வரிசை' என்ற பெரிய வண்டியாக வளர்ந்தது. இரண்டு கதவுக் கிளை 1975இல் 'மூன்றாம் வரிசை'யாக உருமாறியது. கருவிப் பலகை சாரதியை நோக்கிச் சற்றே திரும்பியிருந்தமை இவ்வண்டியில் மக்கள் கண்ட புதுமையாகும். வண்டி யாருக்காக அமைந்தது என்பதை அந்தச் சிறு சாய்வு சொல்லாமற் சொல்லிற்று. 1977இல் ஆறு உருளைகளை ஒரே நிரையில் கொண்ட இயந்திரமும் இதில் இடம்பெற்றது. ஆறு உருளைகள் நேர்நிரையில் இயங்கும்போது ஒன்றின் அதிர்வை மற்றொன்று சமன்செய்துவிடும். ஆகவே அவ்வியந்திரம் பட்டுப்போல் மென்மையாக ஓடும்.

இம்மரபின் அடிப்படை அமைப்பையும் இங்கு நோக்குதல் வேண்டும். இயந்திரம் முன்னே இருக்கும். ஆனால் வண்டியைத் தள்ளுபவை பின்சில்லுகள். முன்சில்லுகளுக்குத் திசை திருப்பும் வேலை ஒன்றே உண்டு. இழுக்கும் வேலையும் திருப்பும் வேலையும் ஒரே சில்லுகளுக்கு அமையுமாயின், வேகத்தை மிகுதியாக்கும்போது சுக்கான் கையில் இழுபடும். வேலை பிரிந்திருந்தால் சுக்கான் தெளிவாகப் பேசும். இதனோடு, வண்டியின் எடை முன் அச்சிலும் பின் அச்சிலும் ஏறக்குறையச் சரிபாதியாகத் தங்குமாறு இயந்திரத்தைப் பின்னோக்கி அமர்த்துவதும், சில வேளைகளில் மின்கலவடுக்கைப் பின்பெட்டிக்குக் கொண்டுபோவதும் இவர்கள் கையாண்ட முறைகள். தராசின் இரு தட்டுகளும் சமமாக நின்றால் வண்டி வளைவில் எப்பக்கமும் இழுபடாது. இதற்கு ஒரு விலையும் உண்டு. பின்சில்லுகளுக்கு வலுவைக் கொண்டுசெல்லும் தண்டு வண்டியின் நடுவே ஓடுவதால், உட்புறத்தில் இடம் குறையும். முன்சில்லால் இயங்கும் வண்டிகளில் அதே அளவுக்குள் அதிக இடம் கிடைக்கும். ஏனைய பல நிறுவனங்கள் அவ்வழியே சென்றன, இவ்வண்டி மரபு செல்லவில்லை.

1982இன் இறுதியில் இரண்டாம் தலைமுறை வெளிவந்தது. அடுத்த ஆண்டு நான்கு கதவுகள் கிடைத்தன. டீசல் இயந்திரம், நான்கு சில்லுகளாலும் இயங்கும் வகை, திறந்த கூரை வகை எனக் குடும்பம் விரிந்தது. 1986இல் 'எம் மூன்று' என்னும் வண்டி பிறந்தது. சுற்றுலா வண்டிப் பந்தயத்தில் சேர வேண்டுமாயின், அத்தகைய வண்டிகள் 5,000 ஓராண்டுக்குள் செய்யப்பட வேண்டும் என்பது அக்கால விதி. அவ்விதியின் பொருட்டே பந்தயத்துக்கான வண்டி கடைக்கு வந்தது. 1987இல் ரொபேட்டோ ரவாலியா இவ்வண்டியில் உலகச் சுற்றுலா வண்டிப் பட்டத்தை வென்றார்.

ஆயினும் அத்தலைமுறையில் ஒரு பழைய குறை எஞ்சியிருந்தது. வளைவில் விரைந்து செல்லும் சாரதி திடீரெனக் காலை எடுத்தால், பின்சில்லுகளின் சாய்வு மாறி, வண்டியின் பின்பகுதி வழுக்க முற்படும். ஈரச் சாலையில் இது பழகாதவருக்கு ஆபத்தானது. 1990இல் வந்த மூன்றாம் தலைமுறையில், ஒவ்வொரு பின்சில்லும் பல இணைப்புத் தண்டுகளால் தாங்கப்பட்டு, எந்நிலையிலும் தரைக்கு நேராக நிற்குமாறு செய்யப்பட்டது. விரைவும் பாதுகாப்பும் முன்னரினும் நெருங்கின. 1998இல் வந்த நான்காம் தலைமுறை, முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் செய்யப்பட்டது. அளவும், எடையும், வலுவும், சுக்கானின் உணர்வும் ஒன்றுக்கொன்று இசைந்து நின்ற தலைமுறை இதுவே என்று மோட்டார் வண்டி ஆர்வலர் பலர் இன்றும் கூறுவர்.

ஐந்தாம் தலைமுறை 2005இல் வந்தது. மறு ஆண்டில், முன்னர் ஒதுங்கிய டர்போ பெற்றோல் இயந்திரத்துக்குத் திரும்பி வந்தது. இம்முறை நுண்ணிய மின்னணுக் கட்டுப்பாடு அதற்குத் துணையாயிற்று. முன்பு எரிபொருளை விழுங்கும் கருவி என இகழப்பட்டது, இப்போது சிறிய இயந்திரத்திலிருந்து பெரிய வலுவைப் பெற்று எரிபொருளைச் சேமிக்கும் கருவியாயிற்று. 2012இல் விற்பனைக்கு வந்த ஆறாம் தலைமுறையில் எல்லா இயந்திரங்களும் டர்போ பூண்டன. ஆறு உருளைகள் செய்த வேலையைப் பெரும்பாலும் நான்கு உருளைகள் ஏற்றன. சுக்கானுக்கு உதவும் விசை, எண்ணெய் அழுத்தத்திலிருந்து மின்சாரத்துக்கு மாறியது. எரிபொருள் மிஞ்சியது, ஆனால் சாலையின் செய்தி விரல் நுனிக்கு முன்போல் வந்து சேரவில்லை என்று பழைய சாரதிகள் குறைப்பட்டனர். அக்குறை ஆதாரமற்றதன்று.

2018இல் பாரிஸ் கண்காட்சியில் ஏழாம் தலைமுறை அறிமுகமாயிற்று. இங்கு சில அளவுகளை ஒப்பிடுதல் பயனுடையது. 1961ஆம் ஆண்டின் '1500' 4,500 மில்லிமீற்றர் நீளம் உடையது. '2002' 4,230 மில்லிமீற்றர். மூன்றாம் வரிசையின் முதல் தலைமுறை 4,355, நான்காம் தலைமுறை 4,471, ஐந்தாவது 4,520, ஏழாவது 4,709 மில்லிமீற்றர். சிறிய கிளையாகப் பிரிந்த வண்டி, ஐந்தாம் தலைமுறையில் தன் மூதாதையின் அளவை எட்டி, ஏழாம் தலைமுறையில் அதனையும் கடந்துவிட்டது. எடையும் '2002' கொண்டிருந்த ஒரு தொன்னிலிருந்து ஏறக்குறைய ஒன்றரைத் தொன்னாயிற்று.

இவ்வளர்ச்சிக்கு வீண் பெருமையே காரணம் என்று கொள்வது நேர்மையாகாது. மோதலின்போது நொறுங்கித் தன்னுள் இருப்போரைக் காக்கும் உடல், காற்றுப்பைகள், புகையைத் தூய்மையாக்கும் கருவிகள் ஆகிய யாவும் இடத்தையும் எடையையும் கேட்பவை. '2002'ஐ ஓட்டியவர் பெற்ற இன்பத்தை இன்றைய வண்டி முழுமையாகத் தருவதில்லை. ஆனால் '2002' காக்க இயலாத உயிரை இன்றைய வண்டி காக்கின்றது. இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுத்தும் கடமையே ஒவ்வொரு தலைமுறைப் பொறியியலாளருக்கும் வாய்த்தது.

2023ஆம் ஆண்டு மியூனிக் கண்காட்சியில், மின்சாரத்தால் இயங்கும் மாதிரி வண்டியொன்றை இந்நிறுவனம் காட்சிக்கு வைத்தபோது, அதற்கு இட்ட பெயர் 'புதிய வகுப்பு' என்பதே. அறுபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் தன்னைக் காத்த பெயரை அது மீண்டும் எடுத்துக்கொண்டது. மின்கலங்கள் பாரம் மிக்கவை. இயந்திரத்தின் ஒலியும் அங்கில்லை. ஆகவே பழைய தராசில் மீண்டும் புதிய எடைகள் ஏறியுள்ளன. நாளைய வளர்ச்சிக்கு இடம் விட்டு வார்த்த இரும்பும், சாரதியை நோக்கிச் சாய்ந்த பலகையும், சரிபாதியாகப் பங்கிட்ட எடையும் கற்பித்த பாடம் ஒன்றுண்டு. வண்டி எவ்வளவு வளரினும், அதனைச் செலுத்தும் மனிதனை மறவாதிருக்கும் வரையில் அது தன் மரபை இழப்பதில்லை.