அரியணை கடைசியில் யாருக்கு? ரசிகர்கள் போடும் கணக்கு

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதும் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ நாவல் வரிசையின் முதல் பாகம் 1996-இல் வந்தது, ஐந்தாம் பாகம் 2011-இல். மொத்தம் ஏழு என்பது திட்டம். ஆறாவதற்கான காத்திருப்பே ஆண்டுக்கணக்கில் நீண்டுவிட்டது. இதை வைத்து எடுத்த ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொலைக்காட்சித் தொடர் 2011-இல் தொடங்கி 2019-இல் முடிந்தே போனது. புத்தகத்தின் முடிவு மட்டும் இன்னும் வாசகர் யாருக்கும் தெரியாது. அதை ஊகிக்க ரசிகர்கள் கட்டுவதுதான் ‘ஃபேன் தியரி’. கதை தெரிந்துவிடக் கூடாது என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

நல்ல தியரி எப்படி இருக்கும்?

வாய்க்கு வந்ததையெல்லாம் தியரி என்று சொல்லிவிட முடியாது. புத்தகத்தில் அதற்குத் துப்பு இருக்க வேண்டும். ஜான் ஸ்னோவின் பிறப்பு பற்றிய ஊகம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

வடநாட்டுப் பிரபு நெட் ஸ்டார்க்குக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன் ஜான் என்றுதான் கதை ஆரம்பிக்கிறது. அம்மா யார் என்று கேட்டால் நெட் வாய் திறப்பதில்லை. முதல் பாகத்தில், கால் உடைந்து காய்ச்சலில் கிடக்கும் நெட்டுக்குப் பழைய சண்டை ஒன்று கனவில் வருகிறது. ஒதுக்குப்புறமான ஒரு கோபுரம். அதை மன்னரின் மெய்க்காவலர் மூவர் காத்து நிற்கிறார்கள். உள்ளே நெட்டின் தங்கை லியானா சாகக் கிடக்கிறாள். அண்ணனிடம் ஏதோ சத்தியம் வாங்கிக்கொள்கிறாள். என்ன சத்தியம் என்பதை மார்ட்டின் சொல்லாமல் விடுகிறார்.

ரசிகர்கள் பிடித்துக்கொண்டது அந்த மூன்று காவலர்களை. அந்தச் சண்டை நடக்கும் நேரத்தில் மன்னர் இறந்தாயிற்று. பட்டத்து இளவரசர் ரேகாரும் போரில் மாண்டுவிட்டார். மன்னரின் இளைய மகன் தீவுக் கோட்டையொன்றுக்குத் தப்பிவிட்டான். அரச குலத்தைக் காப்பதாக ஆணையிட்டவர்கள் அவனோடு போகாமல், ஆளரவமற்ற கோபுரத்துக்காக ஏன் உயிரைவிட வேண்டும்? காக்க வேண்டிய வாரிசு அந்தக் கோபுரத்திலேயே இருந்தால் கணக்கு சரியாக வருகிறது. ஆக, ஜான் ரேகாருக்கும் லியானாவுக்கும் பிறந்தவன். தங்கைக்குக் கொடுத்த வாக்குக்காக நெட் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு அவனை வளர்த்திருக்கிறார். 1990-களிலேயே ரசிகர்கள் இதைச் சொல்லிவிட்டார்கள். 2016-இல் தொலைக்காட்சித் தொடர் அதை உறுதிசெய்தது.

முடிவு பற்றிய ஊகங்கள்

முடிவைப் பற்றிய தியரிகளில் பல, கதைக்குள் வரும் ஆரூடங்களைப் பிடித்துக்கொண்டு நடக்கின்றன. பின்னாளில் அரசியாகும் செர்சியிடம், அவள் சிறுமியாக இருக்கும்போது குறிகாரி ஒருத்தி, உன் பிள்ளைகள் உனக்கு முன்னே போவார்கள், கடைசியில் இளைய சகோதரன் உன் கழுத்தை நெரிப்பான் என்கிறாள். அது தன் தம்பி டிரியன்தான் என்று முடிவுகட்டி, செர்சி அவனை வாழ்நாளெல்லாம் வெறுக்கிறாள். ரசிகர்கள் காட்டுவது அவளுடைய இன்னொரு சகோதரன் ஜேமியை. இரட்டையரில் அவன் அக்காவுக்குப் பின், அவள் காலைப் பிடித்தபடி பிறந்தவன்; அவனும் தம்பிதானே! நான்காம் பாகத்தின் இறுதியில் செர்சி உதவி கேட்டுக் கடிதம் அனுப்புகிறாள். ஜேமி அதை நெருப்பில் போடச் சொல்லிவிடுகிறான். அந்த இடத்தில் தியரிக்கு வலு கூடுகிறது. தொலைக்காட்சித் தொடர், ஆரூடத்தில் கழுத்தை நெரிக்கும் பகுதியையே விட்டுவிட்டு, இருவரையும் இடிபாட்டில் ஒன்றாகச் சாகவைத்தது. ஆனாலும் புத்தகத்தில் ஜேமியின் கையால்தான் அவள் சாவாள் என்று பந்தயம் கட்டுவோர் குறையவில்லை.

அரியணை விஷயத்திலும் இதே இழுபறிதான். தொடரில் நெட்டின் மகன் பிரான் அரசனானான். முடிவின் முக்கியக் கட்டங்களை மார்ட்டின் தயாரிப்பாளர்களிடம் முன்பே சொல்லியிருந்தார் என்பதால், புத்தகத்திலும் அவனே என்பது ஒரு கட்சி. புத்தகத்தில் ரேகாரின் மகன் என்று சொல்லிக்கொண்டு படையோடு வந்திறங்கும் ஏகான் தொடரில் இல்லவே இல்லை. அவன் இருக்கும்போது கதை அதே வழியில் போகுமா என்பது எதிர்க்கட்சியின் கேள்வி.

ஏன் இது கடினம்?

ஜானின் பிறப்பு, கதை தொடங்கும் முன்பே நடந்து முடிந்தது. விடையை முடிவுசெய்துகொண்டுதான் ஆசிரியர் துப்புகளை வைத்தார். முடிவு அப்படியல்ல. அதற்குப் போகும் பாதையை அவரே எழுதி முடிக்கவில்லை. வரைபடம் போட்டுக் கட்டும் கட்டடக்காரர், விதை போட்டு வளரவிடும் தோட்டக்காரர் என்று எழுத்தாளர்களை இரு வகையாகப் பிரித்து, தன்னைத் தோட்டக்காரர் பக்கம் சேர்த்துக்கொள்பவர் மார்ட்டின். 1993-இல் அவர் தந்த கதைச்சுருக்கம் 2015-இல் வெளியானது. அதில் கதை மூன்றே பாகம்; ஜானும் நெட்டின் மகள் ஆர்யாவும் காதலிக்கிறார்கள். வந்த புத்தகங்களில் அந்தக் காதல் கிடையாது. ஆசிரியர் போட்ட திட்டமே இவ்வளவு மாறும்போது வாசகர் ஊகம் பிசகுவதில் ஆச்சரியமில்லை.

இனிப்பும் கசப்பும் கலந்த முடிவு என்று மட்டும் மார்ட்டின் சொல்லியிருக்கிறார். ரசிகர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதற்காக அதை மாற்றப்போவதில்லை என்றும் சொல்லியிருக்கிறார். அதுதான் நியாயம். துப்பை முன்னால் வைத்துவிட்டுப் பின்னால் விடையை மாற்றினால், ஏமாறுவது கவனமாகப் படித்தவர்தான். எனவே யாராவது புதுத் தியரி சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள்: இதற்குத் துப்பு எந்த அத்தியாயத்தில் இருக்கிறது? அந்தத் துப்பு நடந்து முடிந்ததைச் சொல்கிறதா, இனி நடக்கப்போவதையா? முதல் வகை என்றால் தைரியமாக நம்பலாம். இரண்டாவது என்றால் ரசித்துக் கேளுங்கள், பந்தயம் மட்டும் கட்டாதீர்கள்.