மக்லாய்க் கரையும் மானிட சமத்துவமும்
நிக்கலாய் மிக்ளுகோ-மக்லாயின் ஆய்வுமுறை பற்றிய சில குறிப்புகள்

தஞ்சாவூர்க் கிராமங்களில் கள ஆய்வு நடத்திய மானிடவியலாளர் கதலீன் கஃப், 1968இல் எழுதிய கட்டுரையொன்றில், மானிடவியலை மேலை ஏகாதிபத்தியத்தின் குழந்தையென வருணித்தார். அக்கூற்று அதற்குப் பிந்திய ஆண்டுகளிற் பெரிதும் எடுத்தாளப்பட்டது. தாம் ஆளவந்த மக்களை அளந்தும் வகைப்படுத்தியும் வைத்த ஓர் அறிவுத்துறைக்கு அது பொருத்தமான வருணனையே. ஆயினும், அக்குழந்தை தன் பெற்றோருக்கு எதிராகக் குரலெழுப்பிய சந்தர்ப்பங்களும் வரலாற்றில் உண்டு. அத்தகைய ஒருவராகவே ருஷ்ய ஆய்வாளர் நிக்கலாய் மிக்ளுகோ-மக்லாய் (1846-1888) போற்றப்பட்டு வந்துள்ளார். அவ்வாறு போற்றப்பட்டதன் நியாயத்தையும் அதன் எல்லையையும் ஒருங்கே நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நொவ்கொரொத் மாகாணத்தின் கிராமமொன்றிற் பிறந்த மக்லாய், 1864இல் சென் பீற்றர்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்திலிருந்து விலக்கப்பட்டார். ஜேர்மனி சென்று ஹைடெல்பேர்க்கிலும் லைப்சிக்கிலும் பயின்ற பின்னர், யேனாப் பல்கலைக்கழகத்தில் ஏர்ணஸ்ட் ஹெக்கலின் மாணவரானார். டார்வினின் கோட்பாட்டை ஜேர்மன் மொழியுலகிற் பரப்பியோருள் ஹெக்கலே முதன்மையானவர். ஆயின், அவர் டார்வினியத்தைப் பரப்பிய வேகத்திலேயே மனித இனங்களை உயர்வு தாழ்வான ஏணியொன்றில் அடுக்கியும் வைத்தார். பப்புவரின் மயிர் தலையிற் கொத்துக் கொத்தாக முளைப்பது என்ற கருத்து அந்நாளில் நிலவியது. அதனை அடிப்படையாகக் கொண்டு, பப்புவரையும் தென்னாபிரிக்க 'ஹொட்டென்டொட்' மக்களையும் 'கொத்துமயிரினர்' என ஒரு பிரிவினுள் அடக்கி, ஏணியின் அடிப்படியில் நிறுத்தினார். மனிதர் ஒரே மூலத்தினர் அல்லர், வெவ்வேறு இனங்கள் வெவ்வேறு உயிர்வகைகளே என்ற பல்தோற்றக் கொள்கையினர்க்கு இது உவப்பான செய்தியாயிற்று. அடிமை முறையை நியாயப்படுத்த விழைந்தோர்க்கும் அது உவப்பானதே.

இவ்வினாவிற்கு நூலகத்தில் விடை கிடையாது என்று மக்லாய் கருதினார். ஐரோப்பியர் காலூன்றாத ஓரிடத்தில், அம்மக்களோடு வாழ்ந்தே அதனைக் காணவேண்டும் என்பது அவர் துணிபு. 'வீத்தியஸ்' என்னும் ருஷ்யப் போர்க்கப்பல் 1871 செப்டெம்பர் 20ஆந் திகதி நியூகினியின் வடகிழக்கில் அஸ்ட்ரோலேப் குடாவை அடைந்தது. கொரெண்டு, பொங்கு ஆகிய கிராமங்களுக்கு அண்மையில், கரகசி என்னும் முனையில் அவருக்கொரு குடிசை அமைக்கப்பட்டது. ஒல்சன் என்ற சுவீடிய மாலுமியும், 'பொய்' என அழைக்கப்பட்ட பொலினீசிய இளைஞனும் அவருடைய பணியாளர். பின்னாளில் 'மக்லாய்க் கரை' என அவர் பெயரிட்ட பகுதி இதுவேயாகும்.

அவர் கிராமத்தினுள் முதன்முதல் நுழைந்த நிகழ்ச்சி பலராலும் எடுத்துரைக்கப்படுவது. கைத்துப்பாக்கியைக் குடிசையில் வைத்துவிட்டு, குறிப்பேட்டோடு அவர் கொரெண்டுவுக்குச் சென்றார். அம்புகள் அவரருகே பறந்தன. ஈட்டிகள் முகத்துக்கெதிரே நீட்டப்பட்டன. அவரோ சைகையால் ஒரு பாயைக் கேட்டு வாங்கி, பாதணிகளின் கட்டைத் தளர்த்தி, அங்கேயே படுத்துறங்கினார். விழித்தபோது மக்கள் அமைதியாகச் சூழ அமர்ந்திருந்தனர். இதனை வீரச்செயலாக மட்டும் காண்பது போதாது. ஐயத்திற்குரிய அந்நியன், தன் உயிரை அவர்தம் கையில் ஒப்படைப்பதன் மூலமே விருந்தினனாக மாறமுடியும் என்ற கணிப்பு அதிலிருந்தது. அவ்வகையில் அது ஓர் ஆய்வுமுறையின் தொடக்கமுமாகும். கொரெண்டுவைச் சேர்ந்த துய் என்பவர் அவருடைய முதல் நண்பரானார். மொழியையும் அவர் இத்தகைய நண்பர்களிடமிருந்தே, சொல் சொல்லாகக் கற்றார்.

இந்த வாழ்க்கைமுறையின் அறிவியற் பயன் யாது? மக்லாய் பப்புவரிடம் மயிர் மாதிரிகளைக் கேட்டார். அவர்களோ அவருடைய மயிரைத் தந்தாலன்றித் தமதைத் தரமாட்டோம் என்றனர். ஆகவே அவர் தம் தலையின் ஒரு பக்கத்து மயிரை வெட்டி வெட்டிக் கொடுத்துப் பண்டமாற்றுச் செய்தார். பொருளியல் நூல்கள் கூறும் மாற்று வாணிபத்தில் இத்தகைய சமத்துவம் அரிதென்றே தோன்றுகிறது! இவ்வாறு பலருடைய தலைகளை, சிறப்பாக மயிர் மழிக்கப்பட்ட குழந்தைகளின் தலைகளை, அண்மையிலிருந்து நோக்கிய அவர், பப்புவரின் மயிர் கொத்தாக முளைப்பதில்லை, ஐரோப்பியருடையதைப் போலவே சீராகப் பரவி முளைக்கின்றது என நிறுவினார். கொத்தாகத் தோன்றுவது மயிர் சுருண்டு திரள்வதன் விளைவே. மண்டையோட்டின் வடிவங்கூட அம்மக்களிடையே பெரிதும் வேறுபட்டமையால், அதனைக்கொண்டு ஓர் இனத்தை வரையறுத்தல் பொருந்தாது எனவும் கண்டார். 1873இல் பத்தேவியாவில் வெளியான அவருடைய மானிடவியற் குறிப்புகள் ஆசிரியரின் வகைப்பாட்டை அதன் அடித்தளத்திலேயே மறுத்தன. சமத்துவத்தை அறவுரையாகக் கூறியோர் பலர். மயிர்க்காலைக் கொண்டு அதனை நிறுவ முற்பட்டமையே மக்லாயின் தனித்துவம் எனலாம்.

ஆயினும், அவரைப் புனிதராக்கும் வரலாறுகள் விரைந்து கடந்துசெல்லும் செய்திகளும் அவருடைய நாட்குறிப்பிலேயே உள்ளன. கப்பல் புறப்படுமுன் மாலுமிகள் குடிசையைச் சுற்றி வெடிகளைப் புதைத்துச் சென்றனர். அவை வெடிக்கப்படவில்லை, எனினும் இருந்தன. கிண்ணத்து நீரில் மதுசாரத்தைக் கலந்து எரித்துக் காட்டியபோது, இவர் கடலையும் எரிக்கவல்லவர் என மக்கள் அஞ்சினர்; அவ்வச்சத்தை அவர் முற்றாகக் களைய முற்படவில்லை. அவர் திங்களிலிருந்து வந்தவர் என்ற நம்பிக்கையும் அத்தகையதே. உமக்கு மரணம் உண்டா என ஒருவர் வினவியபோது, 'ஆம்' என்றும் 'இல்லை' என்றும் கூறாது, ஈட்டியைக் கையிற் கொடுத்துச் சோதித்துப் பார்க்குமாறு கூறினார். கேட்டவர் அதற்குத் துணியவில்லை. பொய் உரைக்க விரும்பாத ஒருவர் மெய்யையும் உரைக்காது விட்ட இக்காட்சி, ஆய்வாளனுக்கும் ஆய்வுக்குரியோர்க்கும் இடையிலான உறவின் இருமையைத் துலக்கமாகக் காட்டுகின்றது.

இளைஞன் பொய்யின் மரணம் இன்னும் நெருடலானது. 1871 டிசெம்பரில் அவன் காய்ச்சலால் இறந்தான். தம்முடைய உடலமைப்பியல் ஆசிரியர் கெகன்பௌருக்கு வாக்களித்திருந்தபடி, அவனது குரல்வளையை நாவோடு சேர்த்து வெட்டியெடுத்துப் பேணிய பின்னர், மக்லாய் ஒல்சனின் துணையோடு உடலை இருளிற் கடலில் இட்டார். எல்லா மனிதரும் சமமென்று நிறுவவந்த ஆய்வும் ஒரு பணியாளனின் உடலை மாதிரிப் பொருளாகவே கண்டது. பப்புவர் இவ்விடயத்தில் தெளிவான வரம்பொன்றைக் கொண்டிருந்தனர். இறந்த உறவினரின் மண்டையோடுகளை அவர்கள் மக்லாய்க்கு எளிதிற் கொடுத்தனர். நினைவுப்பொருளாகிய கீழ்த்தாடையை மட்டும் கொடுக்க மறுத்தனர். தாடையின்றியமைந்த மண்டையோடுகளைப் பற்றி அவர் வருந்தி எழுதினார். மக்லாய் தம்முடைய உடலுக்கும் இந்நியதியினின்று விலக்களிக்கவில்லை என்பதையும் கூறியாகவேண்டும். அவரது விருப்பின்படி அறிவியலுக்கு அளிக்கப்பட்ட அவருடைய மண்டையோடு, சென் பீற்றர்ஸ்பேர்க்கின் குன்ஸ்ட்கமரா நூதனசாலையிற் பாதுகாக்கப்படுகின்றது.

1872 டிசெம்பரில் 'இசும்ருத்' கப்பல் அவரை மீட்டுச் சென்றது. 1876-77இல் மீண்டும் அக்கரையில் வாழ்ந்த அவர், 1883இல் குறுகிய காலத்துக்கு மூன்றாம் முறை வந்தார். இவ்வாண்டுகளில் பசுபிக் தீவுகளிலிருந்து மக்களைப் பிடித்துக் குவீன்ஸ்லாந்தின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லும் ஆள்வாணிபம் உச்சநிலையிலிருந்தது. அதனைக் கண்டித்தும், நியூகினி மக்களின் நிலவுரிமையை வலியுறுத்தியும் அவர் பிரித்தானிய அதிகாரிகளுக்கு எழுதினார். அவர்களுள் ஒருவர், மேற்குப் பசுபிக்கின் உயர் ஆணையாளராயிருந்த சேர் ஆதர் கோடன். 1883 முதல் 1890 வரை இலங்கையின் தேசாதிபதியாயிருந்தவரும் இவரே. 1881இல் கலோ என்னும் கிராமத்தை முற்றாகத் தண்டிக்க ஆங்கிலக் கடற்படை புறப்பட்டபோது, குற்றம் புரிந்தோரை மட்டுமே தண்டிக்குமாறு மக்லாய் வாதாடினார்.

ஆனால், தனிமனிதரின் வாதம் பேரரசுகளின் போட்டிக்கு எம்மட்டு? 1884இல் ஜேர்மனி நியூகினியின் வடகிழக்கைக் கவர்ந்துகொண்டது. அதற்கு முன்னோடியாக அக்கரைக்கு வந்த ஒட்டோ ஃபின்ஷ், மக்லாயின் நண்பரெனத் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டே மக்களின் நல்லெண்ணத்தைப் பெற்றார். பாயிற் படுத்துறங்கிப் பெற்ற நம்பிக்கை இவ்வாறு கம்பனியின் மூலதனமாயிற்று. மக்லாய் பிஸ்மார்க்குக்குத் தந்தியடித்து எதிர்ப்புத் தெரிவித்தார்; பயன் விளையவில்லை. 1886இல் ருஷ்யா திரும்பி, அக்கரையோரத்திற் சுதந்திரமான ருஷ்யக் குடியிருப்பொன்றை நிறுவ மூன்றாம் அலெக்சாந்தரிடம் அனுமதி வேண்டினார். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதிற் சேர விழைந்தனர். சார் மன்னன் மறுத்துவிட்டான். ஒரு பேரரசிடமிருந்து மக்களைக் காக்க இன்னொரு பேரரசின் நிழலை நாடவேண்டிய நிலை, அவருடைய சிந்தனையின் குறைபாடு மட்டுமன்று. அக்காலத்தில் அவருக்குத் திறந்திருந்த வழிகளின் குறுகலுமாகும். எனினும் குடியேற்றம் நிகழ்ந்திருப்பின், நிலம் யாருடையதாகியிருக்கும் என்ற வினா எழாமற் போகாது.

அவ்வாண்டில் டோல்ஸ்டோய் அவருக்கு எழுதிய கடிதம் புகழ்பெற்றது. மனிதன் எங்கும் மனிதனே என்பதையும், அவனை அணுகவேண்டியது துப்பாக்கியாலன்று என்பதையும் அனுபவத்தாற் காட்டியமைக்காக மக்லாயைப் பாராட்டிய டோல்ஸ்டோய், அவர் சேகரித்த பொருள்களிலும் இவ்வனுபவமே மேலானதென்றார். 1888 ஏப்பிரலில், நாற்பத்தோராவது வயதில் மக்லாய் காலமானார். நாட்குறிப்புகள் நூலாக வெளிவருவதை அவர் காணவில்லை. சோவியத் ஆட்சியிலே அவர் புகழ் உச்சமடைந்தது. 1947இல் விஞ்ஞானக் கழகத்தின் இனவரைவியல் நிறுவகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அதே ஆண்டிற் திரைப்படமும் வெளிவந்தது. 1950-54இல் நூற்றொகுதி ஐந்து பாகங்களாக வெளியாயிற்று. ஜேர்மன் இனவெறியை முறியடித்த சமூகமொன்று, ஹெக்கலை மறுத்த தன் நாட்டவரைக் கொண்டாடியது இயல்பே. அக்கொண்டாட்டத்தில் குரல்வளையும் வெடிகளும் பின்தள்ளப்பட்டமையும் இயல்பே.

மக்லாயை அறிந்த மக்களின் பார்வை இவையனைத்திலும் வேறானது. அவுஸ்திரேலிய மானிடவியலாளர் பீற்றர் லோறன்ஸ், 1964இல் வெளியிட்ட நூலில், மடாங் பிரதேசத்தின் 'சரக்கு' வழிபாட்டு நம்பிக்கைகளின் முதற் கட்டத்தை மக்லாயின் வருகையோடு இணைத்துக் காட்டினார். இரும்புக் கோடரியோடும் துணியோடும் வந்தவர் தெய்வமாகக் கொள்ளப்பட்டார்; அடுத்து வந்த ஜேர்மனியரோ அவ்வாறு கொள்ளப்படவில்லை. 1971இல் 'திமித்ரி மென்தெலேயெவ்' கப்பலிற் சோவியத் இனவரைவியலாளர் பொங்குவுக்குச் சென்றபோது, மக்லாய் பற்றிய கதைகள் அங்கு வழங்கிவந்தன. கோடரி, வத்தகப்பழம், எருது என்பவற்றைக் குறிக்கும் ருஷ்யச் சொற்கள் பொங்கு மொழியிற் சற்றே திரிந்து நிலைத்திருந்தன. மூன்றும் அவர் கொண்டுவந்து கொடுத்த பொருள்களின் பெயர்கள்.