பாதியில் நின்ற ஆட்டமும் பின்வந்த விரிவாக்கமும்

எடுத்த கருமத்தை முடித்தல் அறிவுடையோர் இயல்பு என்பர். ஆயினும் எடுத்தவை யாவற்றையும் முடித்தவர் உலகில் மிகச் சிலரே. இக்கால மாணவர் பலரும், அவர்தம் தந்தையருட் சிலரும், கணினித் திரையில் ஆடிவரும் பாத்திரமேற்பு விளையாட்டுக்களுக்கும் இவ்வுண்மை பொருந்தும். பாதியிற் கைவிடப்பட்ட அவ்விளையாட்டுக்கள், பின்னர் வரும் விரிவாக்கங்களால் எவ்வாறு மீண்டும் உயிர்பெறுகின்றன என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

பாத்திரமேற்பு விளையாட்டாவது, ஆடுபவர் ஒரு கதைமாந்தராகித் தம் தெரிவுகளாற் கதையை நடத்திச் செல்வதாகும். 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கரி கைகாக்ஸ், டேவ் ஆர்ணிசன் என்னும் இருவர் ஆக்கிய 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டு இவ்வகைக்கு மூலமாயிற்று. பாத்திரம் சிறுகச் சிறுக வலிமையும் வித்தையும் பெற்று வளர்வதே இதன் சிறப்பு. அதுவே இதன் இடருமாகும். பந்தாட்டம் போல ஒரு மாலையில் முடிவதன்று இது. பல விளையாட்டுக்களுக்கு ஐம்பது மணித்தியாலங்களும் அதற்கு மேலும் வேண்டும். இடையிலே பரீட்சை வரும், உத்தியோகம் வரும், ஆட்டம் நின்றுவிடும்.

நின்ற ஆட்டத்தைக் கணினி மறப்பதில்லை. வாளும் கவசமும் பொற்காசும் வைத்த இடத்திலேயே இருக்கும். மறப்பவர் ஆடியவரே. எந்தப் பொத்தான் எதற்கு, எவருக்கு என்ன வாக்களித்தோம் என்பன நினைவில் நில்லா. ஓராண்டின் பின் திரும்புபவர், வல்லவன் ஒருவனின் உடலிற் புகுந்த புதியவர் போலத் தடுமாறுவர். முதலிலிருந்து தொடங்கவும் மனம் வராது. விட்ட இடத்திலிருந்து தொடரவும் கை வராது. திரும்பி வருவதற்குத் தடையாவது சோம்பல் அன்று, இம்மறதியே.

விரிவாக்கம் என்பது மூல விளையாட்டோடு பின்னர் இணைக்கப்படும் புதிய கதைப்பகுதி. 1998இல் வெளிவந்த 'போல்டர்ஸ் கேற்' விளையாட்டின் விரிவாக்கம் மறு ஆண்டில் தனி இறுவட்டாகவே கடைக்கு வந்தது. இணையம் பரவியபின் பதிவிறக்க முறை வந்தது. 2006இல் 'ஒப்ளிவியன்' விளையாட்டுக்காகக் குதிரைக் கவசம் ஒன்று இரண்டரை டொலருக்கு விற்கப்பட்டு நகைப்புக்கு இடமாயிற்று. எனவே பின்வருவன யாவும் நல்லன அல்ல. திரும்பி வருபவருக்கு அவை எத்தகைய வாயிலைத் திறக்கின்றன என்பதே உரைகல்.

போலந்து நாட்டின் சீடி புறொஜெக்ட் நிறுவனம் 2015 மே மாதத்தில் வெளியிட்ட 'விட்சர் 3' விசாலமான வாயில் உடையது. 'ஹார்ட்ஸ் ஒவ் ஸ்டோன்' அதே ஆண்டு ஒக்டோபரிலும், 'பிளட் அன்ட் வைன்' 2016 மே மாதத்திலும் வந்தன. முன்னதற்குப் பத்து மணித்தியாலம், பின்னதற்கு இருபது என நிறுவனம் அறிவித்திருந்தது. மூலக்கதையை முடிக்காதவரும், தக்க வலிமை பெற்ற வீரனோடு நேரே இவற்றுட் புகலாம். பாரதத்தை முற்றும் அறியாதாரும் நளன் கதையைத் தனியே சுவைக்கலாமன்றோ? அத்தகைய கிளைக்கதைகள் இவை. அன்றியும், சேமித்த ஆட்டத்தைத் திறக்கும் போதெல்லாம் நிகழ்ந்த கதையை ஒரு குரல் சுருக்கிச் சொல்லும். மறதியை மதிக்கும் பண்பு இது.

அந்நிறுவனத்தின் 'சைபர்பங்க் 2077' மற்றொரு வகை. 2020 டிசம்பரில் குறைகள் மலிய வெளிவந்த இதனைப் பலர் வெறுத்து விட்டனர். 2023 செப்ரெம்பரில், வித்தைகளின் அமைப்பையே மாற்றிய திருத்தம் ஒன்று இலவசமாக வந்தது. சில நாளில் 'பான்ரம் லிபேட்டி' என்னும் விரிவாக்கமும் வந்தது. இது மூலக்கதையின் நடுவிலே புகுந்து, அதற்கே ஒரு புதிய முடிவையும் சேர்த்தது. இங்கே முடிக்காதிருந்தவர் இழந்தது சிறிது, பெற்றது பெரிது.

யப்பானியரின் 'எல்டன் ரிங்' 2022இல் வந்தது. 2024 ஜூனில் வந்த அதன் விரிவாக்கத்தினுள் நுழைய, மூல விளையாட்டில் ராடான், மோக் என்னும் கொடிய பகைவர் இருவரை முன்னரே வென்றிருத்தல் வேண்டும். காசு கொடுத்து வாங்கியும் வாயிலில் நிற்க நேரலாம். ஆயினும் உள்ளே ஒரு நீதி உண்டு: அந்நிலத்தில் மட்டும் பயன்படும் வலிமைத் துண்டுகளை யாவரும் புதிதாகவே தேடிச் சேர்க்க வேண்டும். பழக்கமுள்ளவரும் அங்கே ஓரளவு புதியவரே.

முதற்பொருளை முடிக்காதவரிடம் இரண்டாம் பொருளை விற்பது வணிகத் தந்திரம் என்பாருளர். அதில் உண்மையும் உண்டு. ஆதலின் திரும்ப எண்ணுவோர் வாங்குமுன் வாயிலின் விதியை அறிந்து கொள்க. பழைய சேமிப்பை அழியாது வைத்து, பணிக்குறிப்பேட்டை ஒருமுறை படித்து, பழகிய ஊரில் ஒன்றிரண்டு சிறுபணிகளை ஆற்றிக் கையைப் பழக்கியபின் புதுநிலம் புகுக. முன்னர் செலவிட்ட பொழுது வீணாயிற்றே என்னும் ஏக்கத்தால் மட்டும் எவரும் திரும்ப வேண்டியதில்லை. கதை அழைத்தாற் செல்க; அழையாவிடின், நின்ற இடத்தையே முடிவாகக் கொள்வதிற் குற்றமில்லை.