சோப்புக்கட்டிக்குள் ஒரு சிலுவை

வியட்நாம் நாட்டுக் கர்தினால் பிரான்சிஸ் சேவியர் வான் துவான் அவர்கள் கழுத்தில் அணிந்திருந்த சிலுவையின் உள்ளே இருந்தது வெறும் மரத்துண்டு. அதன் சங்கிலி மின்கம்பியால் ஆனது. இரண்டுமே சிறையில் செய்யப்பட்டவை.

சைகோன் உயர்மறைமாவட்டத்தின் வாரிசுரிமைப் பேராயராக நியமிக்கப்பட்ட சில மாதங்களில், 1975 ஆகஸ்டு 15, அன்னை மரியாவின் விண்ணேற்புப் பெருவிழாவன்று அவர் கைது செய்யப்பட்டார். வழக்கு விசாரணையே இன்றி 13 ஆண்டுகள் சிறை. அதில் 9 ஆண்டுகள் தனிமைச் சிறை.

கையில் எதுவுமில்லாத அவர், தமக்கு வயிற்றுவலி மருந்து வேண்டுமென்று வெளியே எழுதினார். இறைமக்கள் புரிந்துகொண்டார்கள். சிறு புட்டியில் திராட்சை இரசம் மருந்தென்ற பெயரில் வந்தது. அப்பங்கள் டார்ச் விளக்குக்குள் ஒளிந்து வந்தன. மூன்று துளி இரசம், ஒரு துளி தண்ணீர். உள்ளங்கையே திருக்கிண்ணம். பின்னர் முகாமில் மற்றக் கைதிகளோடு இருந்தபோது, சிகரெட் பெட்டித் தாளில் சிறு பைகள் செய்து நற்கருணையை வைத்துக்கொண்டார்கள். நாம் வெள்ளிப் பேழைக்கு நன்கொடை திரட்டுகிறோம்; அங்கே குப்பையில் போகவேண்டிய தாள் பேழையானது.

பலரும் இந்த மூன்று துளிகளோடு கதையை நிறுத்திவிடுவார்கள். எனக்கோ காவலர்களைத்தான் மறக்க முடியவில்லை. ஒருநாள் விறகு வெட்டும்போது, சிலுவை வடிவில் ஒரு துண்டு வெட்டிக்கொள்ளட்டுமா என்று அவர் கேட்டார். சமய அடையாளங்களுக்குத் தடை. தெரிந்தால் காவலருக்கும் தண்டனைதான். ஆயினும் அவர் கண்டும் காணாதவர்போல் இருந்துவிட்டார். அந்தச் சிலுவை ஒரு சோப்புக்கட்டிக்குள் மறைந்திருந்தது.

வேறொரு சிறையில் மின்கம்பி கேட்டபோது காவலர் பதறிப்போனார். கைதி கம்பி கேட்டால் தற்கொலைக்குத்தான் என்பது அவர் பெற்ற பயிற்சி. சங்கிலி செய்யத்தான் என்று விளக்கியும் உடனே இசையவில்லை. சில நாள் யோசித்தார். பிறகு தம் பணிநேரத்தில் கம்பியும் குறடும் கொண்டுவந்தார். இருவரும் சேர்ந்து சில மணி நேரத்தில் கம்பியைத் துண்டுதுண்டாக நறுக்கி, வளைத்து, கோத்து முடித்தார்கள்.

1988 நவம்பர் 21 அன்று அவர் விடுதலையானார். 2001-இல் கர்தினாலாக உயர்த்தப்பட்டார்; 2002 செப்டம்பர் 16 அன்று உரோமையில் இறந்தார்; 2017-இல் வணக்கத்துக்குரியவர் என அறிவிக்கப்பட்டார். கர்தினாலான பிறகும் அவர் அணிந்தது, காவலரோடு சேர்ந்து கோத்த அதே சங்கிலியைத்தான்.