பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைக்கு உடன்படுமுன்

1814 ஆம் ஆண்டில் மூக்கைப் பற்றிய இரண்டு நிகழ்ச்சிகள், ஒன்றையொன்று அறியாமலே நடந்தன. ஒன்று கண்டியிலே. பிரித்தானியர் ஆட்சிப் பகுதியிலிருந்து வணிகத்தின் பொருட்டு மலைநாட்டுக்குள் வந்த பத்துப் பேரை ஒற்றர் என ஐயுற்ற அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், அவர்தம் மூக்கு, காது, கை ஆகியவற்றை அறுக்கச் செய்தான். எழுவர் மாண்டனர். எஞ்சிய மூவர், அறுபட்ட உறுப்புக்கள் கழுத்திலே தொங்கக் கொழும்பு போய்ச் சேர்ந்தனர் என்று ஆங்கிலேயர் எழுதிவைத்துள்ளனர். மறு ஆண்டில் கண்டிமீது அவர்கள் படையெடுத்தமைக்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் இதுவும் ஒன்று.

மற்றையது இலண்டனிலே. அதே ஆண்டு ஒக்டோபர் 23 ஆம் நாள், ஜோசப் கார்ப்யூ என்னும் சத்திரவைத்தியர், மூக்கிழந்த படை அதிகாரி ஒருவருக்கு நெற்றித் தோலினாலே புதிய மூக்கு அமைத்தார். அந்த அதிகாரியின் மூக்கை அழித்தது வாளன்று. ஈரல் நோய்க்கென உட்கொண்ட பாதரச மருந்தே. கார்ப்யூ கையாண்ட முறையோ நம் பக்கத்து முறை. திப்பு சுல்தானின் படையினரிடம் சிறைப்பட்டு மூக்கிழந்த கவாஸ்ஜி என்னும் மாட்டு வண்டியோட்டிக்குப் பூனாவுக்கு அருகே உள்ளூர் வைத்தியர் ஒருவர் மூக்கு அமைத்த செய்தி, 1794 இல் இலண்டன் சஞ்சிகை ஒன்றில் படத்துடன் வெளிவந்தது. மெழுகை மூக்கின் அளவுக்குத் தட்டையாக்கி, அதை நெற்றியில் வைத்து வரைந்து, அக்கோட்டின் வழியே தோலை உரித்து, புருவங்களின் நடுவே ஒரு சிறு காம்பை மட்டும் விட்டுத் திருப்பி ஒட்டும் முறை அது. அக்காம்பின் வழியே குருதி ஓடும். ஆதலால் ஒட்டிய தோல் உயிரோடிருக்கும். கார்ப்யூ இதனைப் பிணங்களிலே நெடுங்காலம் செய்து பழகிய பின்னரே உயிருள்ள மனிதரின் முகத்தில் கத்தியை வைத்தார்.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். கவாஸ்ஜிக்கு மூக்கு வந்தது. நெற்றியிலே ஒரு தழும்பும் வந்தது. இரண்டு நூற்றாண்டுகள் கடந்து, கருவிகளும் மயக்க மருந்துகளும் எவ்வளவோ முன்னேறியுள்ள இந்நாளிலும் இவ்வுண்மை மாறவில்லை. பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை தழும்பை அழிப்பதன்று. ஒரு தழும்பை வேறொரு தழும்புக்கு மாற்றிக்கொள்வது. அம்மாற்று இலாபமா நட்டமா என்பதை, அத்தழும்பைச் சுமந்து வாழப் போகிறவரே தீர்மானித்தல் தகும்.

பெயரைக் கேட்டுப் பலர் மயங்குவதுண்டு. வாளியும் சீப்பும் செய்யும் பிளாஸ்டிக்குக்கும் இதற்கும் யாதொரு தொடர்புமில்லை. வடிவமைத்தல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லே இரண்டுக்கும் தாய். அழகுக்காகச் செய்யப்படுவது இக்கலையின் ஒரு கிளை மட்டுமே. கண்டித் தேசிய வைத்தியசாலை போன்ற அரசாங்க வைத்தியசாலைகளில் பெரும்பாலும் நடைபெறுவது, எரிகாயம், விபத்து, புற்றுநோய் ஆகியவற்றால் சிதைந்த உறுப்பைச் செப்பனிடும் வேலையே.

எரிகாயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். மலைநாட்டுத் தோட்டங்களின் லயன் அறைகளிலே திரியிட்ட போத்தல் விளக்குச் சரிந்து ஆடை பற்றிக்கொள்வது நெடுங்காலத் துயரம். சரிந்தாலும் எண்ணெய் சிந்தாத, குட்டையும் பாரமுமான, திருகு மூடியுள்ள விளக்கொன்றை 1992 இல் உருவாக்கிய சத்திரவைத்தியர் விஜய கொடகும்புர, இத்தகைய நோயாளர் பலரைக் கண்டு மனம் நொந்தவர். கத்தி எடுப்பவரே கத்திக்கு வேலையில்லாமற் செய்ய முயன்றமை போற்றத்தக்கது.

எரிந்த கழுத்தோ முழங்கையோ ஆறும்போது தோல் இறுகிச் சுருங்கி, அசைவைக் கட்டிவிடுகிறது. அதை வெட்டித் தளர்த்தித் தொடையிலிருந்து எடுத்த மெல்லிய தோலை ஒட்டுவர். சம்மதம் அளிக்கும் தாயார் அறியவேண்டியவை பல. தோல் எடுத்த தொடையும் ஒரு புண்ணே. சில நாட்கள் கழுத்தைவிட அதுவே அதிகம் வலிக்கும். ஒட்டிய தோலின் நிறம் சுற்றியுள்ள தோலோடு முற்றாக ஒத்துப் போகாது. பிள்ளை வளர, ஒட்டுத்தோல் அதற்கு ஈடாக வளராமையால், சில ஆண்டுகளில் மீண்டும் சிகிச்சை தேவைப்படலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, சத்திரசிகிச்சை முடிந்த பின் பல மாதங்கள் பட்டை கட்டியும் பயிற்சி செய்தும் வந்தாலன்றிக் கழுத்து மீண்டும் இறுகும். தெல்தோட்டையிலோ கலஹாவிலோ இருந்து பஸ் ஏறிக் கிளினிக்குக்கு வரவேண்டிய குடும்பத்துக்கு, எத்தனை நாட் கூலி போகும் என்பது மருத்துவக் கேள்வியைவிடச் சிறிய கேள்வியன்று. அதனை வெட்கமின்றி முதல்நாளே கேட்டல் வேண்டும். தழும்பு முதிர்ந்து மென்மையடைய ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும். ஆகவே கண்ணிமையோ மூட்டோ கெடும் அபாயம் இல்லாதவிடத்து, “இப்போது வேண்டாம், பொறுங்கள்” என்று வைத்தியர் கூறினால் அது தட்டிக்கழிப்பன்று.

பொறுத்தலும் விரைதலும் எவ்வளவு நுட்பமான கணக்கு என்பதற்கு உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் சான்று. கிரகணத்தைக் கர்ப்பிணி பார்த்ததால் வந்ததென்று வீட்டார் அவள்மீது பழி சுமத்துவது இன்னும் அடியோடு மறைந்துவிடவில்லை. அது ஆதாரமற்றது. உதட்டைப் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதத்திலும், அண்ணத்தை ஒரு வயதை ஒட்டியும் தைப்பர். 1980 களிலே இலங்கையில், இலண்டன் கிரேட் ஓர்மண்ட் வீதிச் சிறுவர் வைத்தியசாலையைச் சேர்ந்த மைக்கல் மார்ஸ் குழுவினர், சிகிச்சையே பெறாமல் வளர்ந்துவிட்ட பலரை ஆராய்ந்தனர். அவர்களது மேற்றாடை ஏறக்குறைய இயல்பாகவே வளர்ந்திருந்தது. குழந்தைப் பருவத்தில் அண்ணம் தைக்கப்பட்டவர்களிடம் காணப்படும் தாடைக் குறுக்கம் பிளவினால் மட்டுமன்று, சிகிச்சையினாலும் வருவது என்று அறியலாயிற்று. அப்படியாயின் காத்திருக்கலாமே எனின், பருவம் கடந்து தைக்கப்பட்டவர்களிற் பெரும்பாலோர்க்குப் பேச்சுத் திருந்தவில்லை. ஆகவே தாடை வளர்ச்சியிற் சிறிது இழந்தேனும் பேச்சைக் காப்பதென்று மருத்துவம் துணிந்துள்ளது. பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்குப் பிள்ளையைக் கொண்டுசெல்லும் பெற்றோர், இது ஒரு தையலோடு முடியும் வேலையன்று, பேச்சுப் பயிற்சியும் பல் சீராக்கலுமாகப் பதின்பருவம் வரை நீளும் வழி என்று தெரிந்தே புறப்படுதல் நன்று.

அழகுச் சிகிச்சையில் நிலைமை வேறு. அங்கே நோய் இல்லை, விருப்பமே உண்டு. அவ்விருப்பம் யாருடையது என்பதே முதற்கேள்வி. கலியாணப் பேச்சு நடக்கும் வேளையில் மகளின் மூக்கைத் திருத்த விரும்புபவர் தாயாராயின், கத்தி படவேண்டியது மகளின் முகத்தில் அன்று. தொங்கிய காதைத் தைத்தல் போன்ற சிறு வேலை, அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்து முடிந்துவிடும். ஆயினும் நம்மவர் தோலிற் காயம் ஆறிய பின் தடித்துப் படரும் கீலாய்டு என்னும் மிகைத்தழும்பு எளிதில் தோன்றும். காது குத்திய இடம் முன்பே அவ்வாறு தடித்திருப்பின் அதை வைத்தியருக்குக் காட்டாமல் விடலாகாது. கொழுப்பை உறிஞ்சி எடுத்தல் உடல் மெலிவதற்கு வழியன்று. மார்பில் வைக்கும் சிலிக்கன் ஆயுள் முழுதும் நிலைப்பதன்று. முகச் சுருக்கத்துக்கென ஊசியால் ஏற்றும் பொருள் குருதிக் குழாயை அடைத்துப் பார்வையைப் பறித்தமையும் உண்டு. அரிது எனினும் அது மீளாத இழப்பு.

கத்தி எடுப்பவர் யார்? வெள்ளைச் சட்டையும் கண்ணாடிக் கதவும் தகுதிக்குச் சான்றாகா. இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் பெயருண்டா, பிளாஸ்டிக் சத்திரசிகிச்சையிலே நிபுணராகப் பயின்றவரா என்று விசாரித்தல் அவமதிப்பன்று. தனியார் நிலையமாயின், 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அது பதியப்பட்டிருத்தல் வேண்டும். மயக்க மருந்து கொடுப்பவர் யார், நள்ளிரவில் குருதி கசிந்தால் எவரை அழைப்பது, திருத்தம் வேண்டியிருப்பின் செலவு யாருடையது என்பனவற்றுக்கு நேரான விடை கிடைக்காத இடத்திலிருந்து எழுந்து வருவதே அறிவுடைமை.

நோயாளி மறைக்கலாகாதனவும் உள. புகையிலை அவற்றுள் தலையாயது. நிக்கோட்டின் சிறு குருதிக் குழாய்களைச் சுருக்கித் திருப்பி ஒட்டிய தோலைச் சாகடிக்கும். வெற்றிலையோடு மெல்லும் புகையிலையிலும் அதே நஞ்சுண்டு என்பதைப் பலர் எண்ணுவதில்லை, “புகைப்பதுண்டா?” என்று கேட்டால் “இல்லை” என்று கூறிவிடுகின்றனர். நீரிழிவு, அஸ்பிரின், நாட்டு மருந்து யாவற்றையும் சொல்லிவிடுதல் வேண்டும்.

இவையனைத்தும் எந்த மொழியிலே கேட்கப்படுகின்றன, எந்த மொழியிலே விளக்கப்படுகின்றன? கண்டியிலே வைத்தியர் சிங்களமோ ஆங்கிலமோ பேசுபவராகவும், நோயாளி தமிழ் மட்டுமே அறிந்த தோட்டத்துப் பெண்ணாகவும் இருத்தல் அரிதன்று. பக்கத்துக் கட்டிலில் இருப்பவரோ, பாடசாலை செல்லும் மகனோ மொழிபெயர்க்க, அவள் தலையசைத்துக் கையொப்பமிடுகிறாள். தலையசைப்பு சம்மதமாகாது. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. சம்மதப் பத்திரத்தையும் அதன் விளக்கத்தையும் தமிழிற் கேட்டல் உரிமை, சலுகையன்று. விளக்கம் முடிந்தபின் நோயாளி தான் விளங்கிக்கொண்டதைத் தன் சொற்களிலே திருப்பிச் சொல்லுமாறு கேட்கும் வைத்தியரும் உளர். அவ்வாறு கேளாவிடினும், “நான் விளங்கிக்கொண்டது சரியா?” என்று தானே சொல்லிக் காட்டலாம். வீட்டுக்குப் போய் யோசித்து வருவதாகச் சொல்லலாம். வேறொரு நிபுணரிடம் கருத்துக் கேட்கலாம். கையொப்பமிட்ட பின்னரும், மயக்க மருந்து ஏற்றப்படும் கணம் வரையிலும், வேண்டாம் என்று சொல்லிவிடலாம்; அதற்குக் காரணம் கூறவேண்டியதுமில்லை.