பதினொரு இலக்கமும் ஆறு இலக்கமும்

நோர்வேயில் வாழும் ஒருவருக்கு அன்றாடம் இரண்டு எண்கள் வேண்டியிருக்கின்றன. ஒன்றில் பதினொரு இலக்கம். அது பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க மாறாது. மற்றதில் ஆறு இலக்கம். அது அரை நிமிடத்தில் காலாவதியாகிவிடும். முதல் எண்ணை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று வரித்துறைக் கடிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்துப் போடும் வீட்டில், இரண்டாவது எண்ணைத் தொலைபேசியில் உரக்க வாசித்துவிடுகிறார்கள். எதைக் காக்க வேண்டும் என்பது இங்கே தலைகீழாகிக் கிடக்கிறது.

ஒஸ்லோவுக்குத் தென்மேற்கே சுமார் 40 கிலோமீற்றரில், ஆற்றின் இரு கரையிலும் பரந்து கிடக்கும் நகரம் திராமன். நோர்வேயின் மற்றப் பெருநகரங்களைப்போல இங்கும் வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் ஏராளம். அவர்களில் ஈழத்தமிழரும் உண்டு. 1980களில் நோர்வேக்கு வந்த தமிழ் இளைஞர்கள் பலர் மக்கள் உயர்பள்ளிகளில் படிக்க வந்தவர்கள், அல்லது அகதிகள். வடக்கே மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்துவிட்டுத் தலைநகர்ப் பக்கம் இறங்கி வந்தவர்களும் நிறைய. அன்று வந்தவர்களுக்கு இன்று அறுபதைத் தாண்டிய வயது. வரி விவரம், மருத்துவரின் நேரம், ஓய்வூதியம் எல்லாம் கணினிக்குள் போய்விட்டன. ஆகவே வீட்டுக்கு வீடு ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. “அம்மா, அந்தக் கோட் நம்பரை ஒருக்காச் சொல்லுங்கோ” என்று மகன் வேலைத்தலத்திலிருந்து கேட்பான். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிப்பார். அன்பில் பிறந்த இந்த வழக்கத்தின் மேல்தான் மோசடிக்காரர்கள் தொழில் நடத்துகிறார்கள்.

முதலில் பதினொரு இலக்கத்தைப் பார்ப்போம். இந்தப் பிறப்பெண் முறையை நோர்வே 1964இல் தொடங்கியது. அதன் கணக்கை அமைத்தவர் ஏர்ன்ஸ்ட் செல்மர் என்ற எண்கோட்பாட்டு அறிஞர். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தை மூடியபோது நாட்டைவிட்டுத் தப்பியவர். லண்டனில் நோர்வே அரசின் மறைகுறியீட்டுப் பொறிகளைப் பார்த்துக்கொண்டவர். இரகசியங்களோடு பழகிய அந்த மனிதர் இந்த எண்ணை இரகசியமாக இருக்கவே வடிவமைக்கவில்லை. அவருக்கு இருந்த கவலை வேறு: எழுத்தர்கள் எண்களை எழுதும்போது கை தவறும். ஓர் இலக்கம் மாறும், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறும். பிழையான எண் ஏட்டில் ஏறினால் ஒருவரின் வரி இன்னொருவர் தலையில் விழும். தன் முறையைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே எண்கோட்பாட்டோடு உளவியலும் இடம்பெற்றிருக்கிறது.

எண்ணைப் பிரித்துப் பார்த்தால் அதன் அழகு தெரியும். 158876 34227 என்று ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம். இது எந்த மனிதருக்கும் உரியதல்ல. நோர்வே வரித்துறையின் சோதனை எண்களில் மாதத்தோடு 80ஐக் கூட்டிவிடுவார்கள், அந்த முறைப்படி ஆக்கிய எண் இது. 15 நாள், 88 என்பது ஓகஸ்ட் மாதம், 76 ஆண்டு. அடுத்த மூன்று இலக்கம் 342. அது 000க்கும் 499க்கும் இடையில் இருப்பதால் இருபதாம் நூற்றாண்டில் பிறந்தவர். மூன்றாவது இலக்கமான 2 இரட்டை எண் என்பதால் பெண். ஆணென்றால் ஒற்றை எண் வரும்.

கடைசியில் நிற்கும் 2, 7 இரண்டும் காவல் இலக்கங்கள். முதல் ஒன்பது இலக்கங்களை முறையே 3, 7, 6, 1, 8, 9, 4, 5, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 240 வரும். 240ஐப் பதினொன்றால் வகுத்தால் மீதி 9. பதினொன்றை நிரப்ப இன்னும் 2 வேண்டும். அதுதான் பத்தாவது இலக்கம். இந்தப் பத்தையும் 5, 4, 3, 2, 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 191, மீதி 4, நிரப்ப 7 வேண்டும். பதினோராவது இலக்கம் கிடைத்துவிட்டது. ஓர் எழுத்தர் 76ஐத் தவறுதலாக 67 என்று எழுதினால் முதல் கூட்டுத்தொகை 241 ஆகும், கணக்கு ஒட்டாது, கணினி உடனே ஏற்க மறுக்கும். நிரப்ப வேண்டியது 10 என்று வந்தால், ஓர் இலக்கத்தில் அதை எழுத முடியாது என்பதால், அந்த எண்ணையே யாருக்கும் கொடுக்காமல் ஒதுக்கிவிடுவார்கள்.

தமிழ் வாசகர்களுக்கு இதன் உறவுகள் பழக்கமானவைதான். இலங்கைத் தேசிய அடையாள அட்டை எண்ணிலும் பிறந்த ஆண்டு இருக்கிறது, ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும் இருக்கிறது. பெண்களுக்கு அந்த நாளோடு 500ஐக் கூட்டிவிடுவார்கள். இந்தியாவின் ஆதார் எண் பிறந்த நாளையோ ஆண் பெண் என்பதையோ சொல்லாது, ஆனால் அதன் பன்னிரண்டாவது இலக்கமும் பிழை பிடிக்கும் காவல் இலக்கமே. ஆதாரின் வடிவம் இந்த விதத்தில் நோர்வே எண்ணைவிட அடக்கமானது என்று சொல்லலாம்.

ஏனென்றால், நோர்வே எண்ணின் கட்டமைப்பைத் தெரிந்தவருக்கு அதை ஊகிப்பது கடினமல்ல. ஒரு பெண் பிறந்த நாள் 15 ஓகஸ்ட் 1976 என்று முகநூலில் வாழ்த்துகளைப் பார்த்து அறிந்துகொண்டால், 000 முதல் 499 வரை இரட்டை எண்கள் 250 மட்டுமே. காவல் இலக்கங்களைக் கணக்கே தந்துவிடும். பத்து வருவதால் ஒதுக்கியவற்றைக் கழித்தால் இருநூற்றுச் சொச்சம்தான் மிஞ்சும். கணினி நிரல் ஒன்றுக்கு அது கண்ணிமைக்கும் வேலை. 2007இல் நடந்ததும் கிட்டத்தட்ட இதுவே: தெலெ2 தொலைபேசி நிறுவனத்தின் நோர்வே இணையத்தளத்தில் எண்களைத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்து, சுமார் 60,000 பேரின் விவரங்களை யாரோ அள்ளிக்கொண்டு போனார்கள்.

நோர்வேச் சட்டமும் பிறப்பெண்ணை இரகசியமாகக் கருதுவதில்லை. உண்மையான தேவை இருந்தால் மட்டுமே நிறுவனங்கள் அதைக் கேட்கலாம் என்று தனியுரிமைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஆனால் அதை அறிந்திருப்பது ஒருவர் இன்னார் என்பதற்குச் சான்றாகாது. பதினொரு இலக்கம் வீட்டு வாசலில் தொங்கும் இலக்கம். ஆறு இலக்கம் வீட்டுத் திறப்பு. தொலைபேசியில் பிறப்பெண்ணைக் கேட்டுவிட்டு “சரி, நீங்கள்தான்” என்று ஒப்புக்கொள்ளும் எந்த நிறுவனமும் தன் வாடிக்கையாளருக்கு அநியாயம் செய்கிறது.

அந்தத் திறப்பு பாங்க்-ஐடி என்ற ஏற்பாட்டுக்குள் இருக்கிறது. நோர்வே வங்கிகள் சேர்ந்து 2004இல் தொடங்கியது இது. ஐம்பத்தைந்து இலட்சம் பேர் வாழும் நாட்டில் நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இதை வைத்திருக்கிறார்கள். வங்கிக் கணக்கைத் திறக்க மட்டுமல்ல, வரி விவரத்தைச் சமர்ப்பிக்க, மருந்துச் சீட்டைப் பார்க்க, வீட்டுக்கு விலை கேட்க, கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவும் இதுதான். இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இதில் ஒப்புதல் கொடுப்பது பேனாவால் கையெழுத்திடுவதற்குச் சமம். சட்டத்தின் முன் நிற்கும்.

இன்று பெரும்பாலானோர் கைத்தொலைபேசிச் செயலியில் ஒப்புதல் கொடுக்கிறார்கள். வயதானவர்கள் பலரிடம் இன்னும் இருப்பது வங்கி கொடுத்த சின்னக் கருவி. உள்ளங்கைக்குள் அடங்கும், ஒரு பொத்தான், ஒரு சிறு திரை. அழுத்தினால் ஆறு இலக்கம் தோன்றும். அதில் இணையத் தொடர்பு இல்லை, சிம் அட்டை இல்லை, வங்கியிலிருந்து எந்தச் செய்தியும் அதற்கு வருவதில்லை. பிறகு வங்கிக்கு எப்படி அந்த எண் தெரிகிறது?

இத்தகைய கருவிகள் பொதுவாக வேலை செய்யும் விதம் இது: தயாரிக்கும்போதே கருவிக்குள் ஒரு நீண்ட இரகசிய எண்ணைப் பதித்துவிடுவார்கள். அதே எண்ணின் பிரதி வங்கியின் கணினியிலும் இருக்கும். கருவிக்குள் ஒரு கடிகாரமும் உண்டு. பொத்தானை அழுத்தியதும் இரகசிய எண்ணையும் அந்த நேரத்தையும் சேர்த்துப் பிசைந்து, திரும்பிப் பிரிக்க முடியாத ஒரு கணக்கைப் போட்டு, முடிவில் ஆறு இலக்கத்தைக் காட்டும். வங்கியின் கணினியும் அதே நொடியில் அதே கணக்கைப் போடும். இரண்டும் ஒத்தால் கதவு திறக்கும். அரை நிமிடம் கழிந்தால் நேரம் மாறும், விடையும் மாறும். ஆறு இலக்கத்தை எட்டிப் பார்த்தவரால் உள்ளே இருக்கும் இரகசிய எண்ணைக் கண்டுபிடிக்க முடியாது. எளிமையும் வலிமையும் சேர்ந்த ஏற்பாடு. பொறியியலாகப் பார்த்தால் இதில் குறை சொல்ல அதிகம் இல்லை.

ஓட்டை கருவிக்கு வெளியே இருக்கிறது. அந்த அரை நிமிடத்துக்குள், கடவுச்சொல்லோடு இந்த எண்ணையும் வாங்கிவிட்டால் போதும். நோர்வேயில் “ஓல்கா மோசடி” என்றே ஒரு வகை மோசடிக்குப் பெயர். ஓல்கா பழைய தலைமுறைப் பெண்களின் பெயர். பெயரைப் பார்த்தே வயதை ஊகித்து, மோசடிக்காரர்கள் முதிய பெண்களை அழைப்பார்கள். “பொலிசிலிருந்து பேசுகிறோம், உங்கள் கணக்கிலிருந்து யாரோ காசெடுக்கிறார்கள், உடனே தடுக்க வேண்டும், கருவியில் வரும் எண்ணைச் சொல்லுங்கள்” என்பார்கள். கூடவே உங்கள் பிறப்பெண்ணை அவர்களே சொல்லிக் காட்டுவார்கள். நம்பிக்கை வரவைப்பது அதுதான்! அது தெரிந்தவர் அரச ஆளாகத்தான் இருப்பார் என்று எண்ணுகிறோம். திரையில் தோன்றும் தொலைபேசி எண்ணும் சான்றல்ல. வேறொருவர் எண்ணிலிருந்து அழைப்பதுபோலக் காட்ட முடியும். குறுஞ்செய்தியில் வரும் இணைப்பும் இப்படித்தான்: வங்கிப் பக்கத்தைப்போலவே இருக்கும், அதில் நீங்கள் தட்டும் எண்ணை மறுகரையில் இருப்பவர் உடனுக்குடன் உண்மையான வங்கிப் பக்கத்தில் தட்டுவார்.

வங்கியோ பொலிசோ இந்த எண்ணைத் தொலைபேசியில் ஒருபோதும் கேட்பதில்லை. கேட்டால் அழைப்பைத் துண்டித்துவிட்டு, வங்கியின் எண்ணை நீங்களே தேடி அழைக்கலாம். செயலி வைத்திருப்பவர்கள், தாங்கள் எதுவும் தொடங்காத நேரத்தில் திரையில் ஒப்புதல் கேட்டால் மறுத்துவிட வேண்டும்.

பிள்ளைகளுக்குக் கொடுப்பது? வங்கி ஒப்பந்தப்படி அதுவும் கூடாது. கணவன் மனைவிக்கிடையிலும் கூடாது. 2023 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த புதிய நிதி ஒப்பந்தச் சட்டம் மோசடிக்கு ஆளானவர்களுக்கு முன்பைவிட நல்ல பாதுகாப்புத் தருகிறது. மிகுந்த கவனக்குறைவாக நடந்துகொண்டவரின் பங்கு பொதுவாக 12,000 குரோனரைத் தாண்டாது. ஆனால் விதியைத் தெரிந்துகொண்டே மீறியவருக்கு அந்த எல்லை உதவாமல் போகலாம். அதைவிட முக்கியமானது பழக்கம். மகனுக்கு நூறு தடவை எண்ணை வாசித்துக் காட்டிய அம்மாவுக்கு நூற்றியோராவது தடவை வேறொருவருக்கு வாசிப்பது விசித்திரமாகத் தோன்றாது.

உதவி செய்வதற்கு நேர்வழி இருக்கிறது. பெற்றோரின் கணக்கைப் பிள்ளை தன் சொந்த பாங்க்-ஐடியால் திறக்கும்படி வங்கியில் அதிகாரம் எழுதிக் கொடுக்கலாம். அரசின் ஹெல்செநோர்கே மருத்துவத் தளத்திலும் அப்படியே. அங்கே எதைப் பார்க்கலாம் எதைப் பார்க்கக் கூடாது என்பதையும் பெற்றோரே தீர்மானிக்கலாம். ஒரு சனிக்கிழமை பின்னேரம் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்தால் முடிகிற வேலை. திராமனில் தமிழ்க் குடும்பங்கள் இதைச் செய்தால், அம்மாவின் மருத்துவ விவரங்கள் எல்லாவற்றையும் மருமகள்வரை எல்லோரும் பார்க்கும் சங்கடமும் தீரும். வயதானவர்களுக்கும் அந்தரங்கம் உண்டு; நம் வீடுகளில் இதைப் பேசுவதே குறைவு.

எண்ணைக் கொடுத்துவிட்டோம் என்று தெரிந்தால் வெட்கப்பட்டு ஒளிக்கக் கூடாது. முதல் வேலை, வங்கியை அழைத்து பாங்க்-ஐடியை முடக்குவது, நடுநிசியிலும் செய்யலாம். பிறகு பொலிசில் முறைப்பாடு. கடன் தகவல் நிறுவனங்களில் இலவசமாகவே கடன்தடை போட்டுவிட்டால், உங்கள் பெயரில் புதிதாகக் கடன் வாங்குவது மிகவும் கடினமாகிவிடும். 2019 ஜூலையிலிருந்து நோர்வேயில் ஈடில்லாக் கடன்களுக்குத் தனிப் பதிவேடு இருக்கிறது. அதற்குள் நுழைந்து பார்த்தால் எந்தக் கடன் அட்டை, எந்த நுகர்வுக் கடன் உங்கள் பெயரில் ஓடுகிறது என்பது ஒரே பக்கத்தில் தெரியும். ஒன்றும் நடக்காதபோதும் ஆண்டுக்கு ஒருமுறை, வரி விவரத்தைச் சரிபார்க்கும் ஏப்ரல் மாதத்தில், அதையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.